அறிவு பட்ட கடன்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் புற்றுநோய் ஆய்வையும் சிகிச்சையையும் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஒன்று வாஷிங்டன் பல்கலைக்கழகம். 1861-இல் தொடங்கப்பட்ட இது வாஷிங்டன் மாநில அரசுக்கு உரியது. மற்றொன்று ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையம் என்னும் லாப நோக்கற்ற தனி அமைப்பு. பேஸ்பால் வீரர் ஃப்ரெட் ஹட்சின்சன் 1964-இல் நுரையீரல் புற்றுநோயால் 45 வயதில் இறந்தார். அவருடைய அண்ணனும் அறுவை மருத்துவருமான வில்லியம் ஹட்சின்சன் தம்பியின் பெயரால் 1975-இல் இம்மையத்தை நிறுவினார். 1998-இல் இவ்விரண்டும் நகரின் குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து சிகிச்சைக்கென ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. 2022 ஏப்ரலில் அந்தக் கூட்டமைப்பு ஹட்சின்சன் மையத்தோடு ஒன்றாக்கப்பட்டது. மையம் இன்றும் தனி அமைப்புதான். ஆனால் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் புற்றுநோய்ப் பிரிவாகவும் அதுவே இயங்குகிறது.

இத்தகைய உடன்படிக்கையில் கட்டடம் யாருக்கு, சம்பளம் யார் பொறுப்பு, கண்டுபிடிப்பின் காப்புரிமை யார் பெயரில் என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதப்படுகிறது. கையெழுத்துப் போடுவது இரு தரப்பு. ஆய்வுக்கு வேண்டிய இரத்தம், மஜ்ஜை, வெட்டி எடுத்த கட்டி, பல ஆண்டு நோய்க் குறிப்பு ஆகியவற்றைத் தருவதோ அந்தத் தாளில் இடம்பெறாத நோயாளி. அவர் கொடுத்ததை எப்படிப் புரிந்துகொள்வது? விற்ற பொருள் என்றா, தானம் என்றா, வேண்டாமென்று விட்டுச் சென்ற கழிவு என்றா? பெற்றுக்கொண்டவர்களுக்கு அவரிடம் ஏதேனும் கடன் உண்டா? சட்டம் இதற்குப் பாதிப் பதில்தான் வைத்திருக்கிறது. மீதியைத் தத்துவமும் சமயமும் நெடுங்காலமாக விவாதித்துவருகின்றன.

சியாட்டிலுக்குப் பெயர் வாங்கித் தந்தது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. 1963-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்த மருத்துவர் டோனல் தாமஸ், பின்னர் தம் குழுவோடு ஹட்சின்சன் மையத்துக்கு மாறினார். 1977-இல் அக்குழு வெளியிட்ட கட்டுரை ஒன்று மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. மற்ற சிகிச்சைகள் எல்லாம் கைவிட்ட, கடும் இரத்தப் புற்றுநோய் முற்றிய 100 பேருக்கு, பொருந்தும் மஜ்ஜையை உடன்பிறந்தோரிடமிருந்து எடுத்துச் செலுத்தியதன் முடிவை அது சொன்னது. கட்டுரை எழுதப்பட்டபோது நோயின்றி உயிரோடு இருந்தவர்கள் 13 பேர். மற்றவர்கள் நோய் திரும்பியும், தொற்றாலும், செலுத்திய மஜ்ஜையே உடலைத் தாக்கியதாலும் இறந்தார்கள். அந்த 13 பேரைப் பார்த்துத்தான், நோய் முற்றும் வரை காத்திராமல் முன்னதாகவே இதைச் செய்யலாம் என்ற துணிவு பிறந்தது, முடிவுகளும் மேம்பட்டன. தாமஸுக்கு 1990-இல் நோபெல் பரிசு கிடைத்தது. 2012 இறுதியில் உலகெங்கும் செய்யப்பட்ட இவ்வகைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டியது.

நூறு பேரை ஒரு தட்டிலும் பத்து லட்சம் பேரை மறு தட்டிலும் வைத்தால் கணக்கு உடனே முடிந்துவிடும். பெரும்பாலோரின் நன்மையையே அளவாகக் கொள்ளும் பயன்முதல்வாதம் அப்படித்தான் முடிக்கிறது. அவ்வளவு விரைவாக முடிவதே அந்தக் கணக்கின் மேல் ஐயம் கொள்ளக் காரணம். இறந்தவர்கள் பிற்காலத்தவருக்காகத் தங்களை ஒப்படைத்தவர்கள் அல்லர். பிழைக்க வேண்டும் என்று வந்தவர்கள். அவர்களுக்கு நடந்தது சிகிச்சையா, சோதனையா என்று கேட்டால் இரண்டும்தான் என்பதே நேர்மையான பதில். மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அமெரிக்கா 1979-இல் வகுத்த பெல்மான்ட் அறிக்கை, நோக்கத்தை வைத்து இரண்டையும் பிரித்தது: எதிரில் இருக்கும் நோயாளியின் நலத்துக்காகச் செய்வது சிகிச்சை, பொதுவான அறிவைப் பெறுவதற்காகச் செய்வது ஆய்வு. தாளில் தெளிவாகத் தெரியும் இந்தக் கோடு, பல்கலைக்கழகப் பேராசிரியரே ஆய்வாளராகவும் மருத்துவராகவும் நிற்கும் கட்டிலருகே மங்கிவிடுகிறது. இரு நிறுவனங்கள் கைகோப்பதன் பயனும் அதுவே, சிக்கலும் அதுவே.

இந்தச் சிக்கலை ஆழமாகத் தோண்டியவர் ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் குடியேறிய யூதத் தத்துவ அறிஞர் ஹான்ஸ் யோனாஸ். மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துவது குறித்து 1969-இல் வெளிவந்த கட்டுரையில், மருத்துவ முன்னேற்றம் என்பதே மனிதகுலம் விரும்பி மேற்கொண்ட இலக்கு, கட்டாயக் கடமை அல்ல என்றார். பாழாக்கப்படாத பூமியை முன்னோரிடம் எதிர்பார்க்கப் பின்வரும் தலைமுறைக்கு உரிமை உண்டு. புதிய அற்புத மருந்துகளை எதிர்பார்க்க அத்தகைய உரிமை கிடையாது. ஆகவே முன்னேற்றத்தின் பெயரால் எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பி வருவோரிலும் யாரை முதலில் அழைப்பது என்பதற்கு அவர் ஒரு வரிசை வைத்தார். ஆய்வின் நோக்கத்தை நன்கு புரிந்தவர், அதைத் தன் நோக்கமாக ஏற்கக்கூடியவர், மறுக்கும் வலிமை உள்ளவர் முதலில். அதாவது விஞ்ஞானிகளே முதலில் நிற்க வேண்டும். அறியாதவர், ஏழை, நோயில் ஒடுங்கியவர் கடைசியில். நோயாளியைச் சேர்ப்பதானால் அவருடைய நோயைப் பற்றிய ஆய்வாகவே அது இருக்க வேண்டும்.

நடைமுறை இந்த வரிசையைத் தலைகீழாக்கியே வந்திருக்கிறது என்பது தனிச் செய்தி. சியாட்டில் நோயாளிகள் யோனாஸின் கடைசி நிபந்தனைக்கு உட்பட்டார்கள். அவர்கள் மேல் செய்தது அவர்களுடைய நோய்க்கான முயற்சியே. ஆனால் இவ்வகை ஆய்வில் இன்னொருவரும் உண்டு. மஜ்ஜை தந்த அண்ணனோ தங்கையோ நோயாளி அல்லர். ஊசி குத்தியதால் அவர் உடலுக்கு எந்த நலமும் இல்லை. ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் இருந்திருந்தால் திகைத்திருப்பார். 1797-இல் எழுதிய அறவியல் நூலில், இன்னொருவர் வாயில் பொருத்துவதற்காகத் தன் பல்லைக் கொடுப்பதையோ விற்பதையோ தற்கொலையின் ஒரு பகுதி என்றே அவர் வகைப்படுத்தினார். மனிதன் தனக்குத் தானே உடைமை அல்ல என்பது அவர் வாதம். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தால் கொடுப்பதை ஒருவேளை அனுமதித்திருப்பார். விற்பதை அனுமதித்திருக்க மாட்டார்.

விற்பனை பற்றிய கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது கலிபோர்னியாவில். சியாட்டிலில் வாழ்ந்த ஜான் மூர் என்பவருக்கு அரிதான ஒருவகை இரத்தப் புற்றுநோய். 1976-இல் லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அவருடைய மண்ணீரலை அகற்றினார்கள். அதன் பிறகு 1983 வரை பலமுறை அவர் சியாட்டிலிலிருந்து அங்கே வரவழைக்கப்பட்டார்; ஒவ்வொரு முறையும் இரத்தமும் பிற மாதிரிகளும் எடுக்கப்பட்டன. தம் நலத்துக்காகவே வரச் சொல்கிறார்கள் என்று அவர் நம்பினார். இதற்கிடையில் அவர் செல்களிலிருந்து ஆய்வகத்தில் முடிவின்றிப் பெருகும் செல் தொடர் ஒன்று உருவாக்கப்பட்டது. 1981-இல் பல்கலைக்கழகம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது; 1984-இல் அது கிடைத்தது. உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று மருத்துவருக்குப் பங்குகள் தந்தது; மருத்துவருக்கும் பல்கலைக்கழகத்துக்குமாக மூன்றாண்டுகளில் குறைந்தது 3,30,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. பொதுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்களே காப்புரிமை வைத்துக்கொள்ள வழிசெய்த பே–டோல் சட்டம் 1980-இல் வந்திருந்தது. அதே ஆண்டு, இந்தியாவில் பிறந்த ஆனந்த சக்ரவர்த்தி உருவாக்கிய நுண்ணுயிருக்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருந்தது. உயிர்ப்பொருளுக்குச் சந்தை திறந்த காலம் அது.

தன் செல்கள் தன் சொத்து, அவை களவு போயின என்று மூர் வழக்குத் தொடுத்தார். 1990 ஜூலையில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையின் ஒரு பாதியை ஏற்று மறு பாதியைத் தள்ளியது. தமக்குள்ள ஆய்வு ஆர்வத்தையும் பண ஆர்வத்தையும் மருத்துவர் நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்காக வழக்குத் தொடரலாம். ஆனால் உடலைவிட்டு நீங்கிய செல்களின் மேல் மூருக்குச் சொத்துரிமை இல்லை. இருக்கிறது என்று வைத்தால் ஒவ்வொரு ஆய்வாளரும் தம் கையிலுள்ள மாதிரி யாருடையது என்று அஞ்சி நடுங்க வேண்டிவரும் என்பது பெரும்பான்மையின் கவலை. உடன்பட்டுத் தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதி அராபியன், புனிதமான மனித உடலைச் சந்தைச் சரக்கோடு கலக்கச் சொல்வதாக இக்கோரிக்கையைக் கண்டார். எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி மாஸ்கின் வாதம் இதற்கு நேர் எதிர்: புனிதம் என்பதனால்தானே, மற்றவர்கள் அதை வைத்துச் சம்பாதிக்கும்போது உரியவரை மட்டும் வெறுங்கையோடு அனுப்புவது அநீதி?

மாஸ்க் காட்டிய ஓட்டை இன்னும் அடைபடவில்லை. உடல் விற்பனைப் பொருள் அல்ல என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு ஒரே ஒருவருக்கு, அந்த உடலோடு பிறந்தவருக்கு மட்டும், பொருத்தியது. பல்கலைக்கழகமும் நிறுவனமும் விற்கலாம். புனிதத்தைக் காப்பாற்றும் பொறுப்பு நோயாளி தலையில், அதன் லாபம் மற்றவர் பெட்டியில்.

தன் உடல் தன்னுடையது என்ற எண்ணத்துக்கு நவீனக் காலத்தில் வலுவூட்டியவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக். ஒவ்வொரு மனிதனும் தனக்குத் தானே உரியவன் என்று 1689-இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். அதே நூலில் மனிதர் யாவரும் கடவுளின் படைப்பு, ஆகவே அவருடைய உடைமை என்றும் எழுதினார். பின்வந்தவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியை மறந்துவிட்டார்கள். சமய மரபுகள் பலவற்றிலும் அந்த மறு பாதியே அடிப்படை. யூதச் சட்டத்தில் உடல் இறைவனிடம் பெற்ற இரவல். ரபி ஷ்லோமோ யோசேஃப் செவின் ஷேக்ஸ்பியர் நாடகத்து ஷைலக்கின் வழக்கையே யூதச் சட்டப்படி ஆராய்ந்து, ஒரு பவுண்டு சதையைப் பிணையாக வைத்த ஒப்பந்தம் தொடக்கத்திலேயே செல்லாது என்று எழுதினார். தன்னுடையது அல்லாததை எவரும் பிணை வைக்க முடியாதே. அதேசமயம் உயிர் காப்பது அம்மரபில் ஏறத்தாழ எல்லா விதிகளையும் விலக்கும் கடமை. ஆக, கொடுக்கலாம், கொடுப்பது புண்ணியமும்கூட; ஆனால் உடைமையாளனாக நின்று கொடுக்கவில்லை. இஸ்லாமிய அறிஞர்களும் உடலை இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்றே பேசுகிறார்கள்.

கத்தோலிக்க மரபில் இதை வெளிப்படையாகச் சொன்னவர் போப் பன்னிரண்டாம் பயஸ். 1952 செப்டம்பரில் மருத்துவ ஆய்வின் எல்லைகள் குறித்து ஆற்றிய உரையில், நோயாளி தன் உடலுக்கும் உள்ளத்துக்கும் முழு எசமானன் அல்ல, அனுபவிக்கும் உரிமை மட்டுமே உடையவன் என்றார். நாஜி முகாம்களின் நினைவு ஆறாத காலம். ஆகவே அந்த உரையில் ஒரு திருப்பம் உண்டு: நோயாளியே முழு எசமானன் இல்லையென்றால், மருத்துவரும் அரசும் சமூகமும் நிச்சயமாக இல்லை. உடலின் உறுப்பு உடலுக்காக இருப்பதுபோல் தனிமனிதன் சமூகத்துக்காக இருக்கிறான் என்ற உவமையை அவர் மறுத்தார். சமூகம் ஓர் உயிருடல் அல்ல. அதற்காக அறுத்தெடுக்கத்தக்க உறுப்பு அல்ல மனிதன்.

உடல் ஒப்படைக்கப்பட்டது என்னும் இந்த நிலைப்பாடு மூர் வழக்கின் இரு தரப்புக்கும் வெளியே நிற்கிறது. விற்பனையும் தானமும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன: கைமாறியதும் உறவு முடிந்துவிடும். விற்றவன் பணத்தோடு போகிறான், கொடுத்தவன் மனநிறைவோடு போகிறான். வாங்கியவன் இனி விரும்பியதைச் செய்யலாம். ஒப்படைப்பு அப்படி முடிவதில்லை. கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர் அதற்கென்று விட்ட ஆடுகளைத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் அறங்காவலர் அந்த ஆடுகள் தரும் நெய்யை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. விளக்கு எரிகிறதா என்று கேட்க ஊருக்கு என்றும் உரிமை உண்டு. நோயாளி தந்த திசுவுக்குப் பொருந்தும் கருத்து இதுவே. கொடுத்தவர் உரிமை கொண்டாடி ஆய்வை முடக்க வேண்டியதில்லை. பெற்றவர் மட்டும் என்ன நோக்கத்துக்காகப் பெற்றாரோ அதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

பொதுப் பல்கலைக்கழகம் தனி மையத்தோடு சேரும்போது இந்தக் கணக்கை யாரிடம் கேட்பது என்பது கடினமாகிறது. பல்கலைக்கழகம் மக்களின் சொத்து. அதன் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் சட்டமும் உண்டு. லாப நோக்கற்ற தனி அமைப்பின் மேல் அச்சட்டம் பொதுவாகச் செல்லாது. திசு மையத்தின் குளிர்பெட்டியிலும், எடுத்த மருத்துவர் பல்கலைக்கழகப் பட்டியலிலும் இருந்தால், கேள்வி கேட்பவர் இரண்டு வாசலுக்கும் நடக்க நேரும். கூட்டின் நற்பயனை எவரும் மறுக்க முடியாது. மையம் வேகமாக முடிவெடுக்கும், நன்கொடை திரட்டும். பல்கலைக்கழகம் மாணவரையும் மருத்துவமனைகளையும் தரும். ஆனால் அறங்காவலர் இருவரானால் இருவரும் மற்றவரைக் கைகாட்டும் வாய்ப்பும் கூடவே வரும்.

ஒப்படைத்தது தனிமனிதனாக இராமல் ஒரு சமூகமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அரிசோனா காட்டியது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் மக்களிடம் நீரிழிவு மிகுதி. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற பொதுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அவர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். நீரிழிவு ஆய்வுக்கு என்று நம்பி அம்மக்கள் கொடுத்தார்கள். அதே இரத்தம் மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவில் மணம், அம்மக்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பன பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது 2003-இல் தெரியவந்தது. ஒப்புதல் படிவத்தின் சொற்கள் விரிவானவை. அவற்றை வைத்துப் பார்த்தால் பிழை இல்லை என்று வாதிட இடமிருந்தது. ஆனால் பள்ளத்தாக்கிலேயே தாங்கள் தோன்றியதாக நம்பும் மக்களின் இரத்தத்தை எடுத்து, முன்னோர் வேறு கண்டத்திலிருந்து வந்தவர்கள் என்று நிறுவ அவர்களுக்கே தெரியாமல் பயன்படுத்தியதில், ஊசியால் ஏற்படாத ஒரு காயம் இருந்தது. அறிவியல் சொன்னது உண்மையா என்பது இங்கே கேள்வியே அல்ல. ஒருவருடைய உடலையே அவருடைய சமயத்துக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்தும் முன் அவரைக் கேட்க வேண்டுமா என்பதே கேள்வி. 2010-இல் பல்கலைக்கழகம் சமரசத்துக்கு வந்து 41 பேருக்கு 7,00,000 டாலர் தந்தது, மிஞ்சிய இரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. பக்கத்திலுள்ள நவாஹோ பழங்குடி நாடு 2002-லேயே தன் நிலத்தில் மரபணு ஆய்வுக்குத் தடை விதித்திருந்தது.

சியாட்டிலிலும் 2013-இல் இத்தகைய கேள்வி எழுந்தது. 1951-இல் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் 31 வயதில் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமல் எடுத்த செல்களே ஹீலா என்ற பெயரில் உலக ஆய்வகங்களில் இன்றும் பெருகுகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று அவற்றின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து, பாப்பிலோமா வைரஸின் மரபுத் துண்டு எங்கே நுழைந்து அந்தக் கட்டியை அவ்வளவு மூர்க்கமாக வளரச் செய்தது என்று காட்டியது. அறிவுக்கு அது பெரிய வரவு. ஆனால் லாக்ஸின் மரபணுவில் பாதி அவர் பிள்ளைகளுடையது. ஐரோப்பியக் குழு ஒன்று சில மாதங்களுக்கு முன் இதே செல்களின் மரபணுத் தொகுதியைப் பொதுவில் வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் விலக்கிக்கொண்டது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு பேசி ஆகஸ்டில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது: தரவு பூட்டி வைக்கப்படும், பார்க்க விரும்புவோர் விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பங்களை ஆராயும் குழுவில் குடும்பத்தினர் இருவர் அமர்வார்கள். பணம் தரப்படவில்லை. செல்களைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. சொத்துரிமை இல்லாமலே கணக்குக் கேட்கும் இடம் ஒன்று உருவானது.

ஹீலா ஏற்பாடு ஒரு குடும்பத்துக்கு மட்டுமானது. எல்லோருக்குமாக விதி செய்ய அமெரிக்க அரசு 2015-இல் முயன்றது. பெயர் நீக்கிய திசுவாக இருந்தாலும் ஒப்புதல் இன்றி ஆய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற முன்மொழிவைப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு மையங்களும் கடுமையாக எதிர்த்தன. 2017-இல் வெளியான இறுதி விதியில் அது இல்லை. பெயரை நீக்கிவிட்டால் கேட்க வேண்டியதில்லை என்ற பழைய நிலையே தொடர்கிறது. ஆனால் ஒப்புதல் பெறும் இடங்களில் புதிய வரி ஒன்று சேர்ந்தது. கொடுக்கும் மாதிரி வணிக லாபத்துக்குப் பயன்படக்கூடும் என்பதையும், அந்த லாபத்தில் கொடுப்பவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதையும் உரிய இடங்களில் படிவம் சொல்ல வேண்டும். மூருக்குச் சொல்லப்படாதது இப்போது அச்சில் வருகிறது. பங்கு தர வேண்டுமா என்பதை விதி நிறுவனங்களிடமே விட்டிருக்கிறது.